கொமுங்கோவும் வயலினும்: பிளாக்பிங்க் குழுவின் இரண்டு புதிய பாடல்கள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்திலிருந்து பேசுகிறேன். ஜிசூ, ஜெனி, ரோசே, லிசா ஆகிய நால்வரைக் கொண்ட தென்கொரியப் பெண்கள் குழுவான பிளாக்பிங்கின் 'போர்ன் பிங்க்' இசைத்தொகுப்பு 2022 செப்டெம்பர் 16ஆம் திகதி வெளியானது. அன்றிலிருந்து எட்டுப் பாடல்களையும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். எட்டையும் ஒரே அளவாகப் பேசப் போவதில்லை. ஓகஸ்டில் முன்னதாகவே வந்த 'பிங்க் வெனம்', தொகுப்போடு சேர்ந்து வந்த 'ஷட் டவுன்' ஆகிய இரண்டு பாடல்களும் அவற்றின் காணொளிகளுமே என்னை இத்தனை நாளும் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த இரண்டிலும் ஒரு பழைய நரம்பு வாத்தியம் புதிய பொப் இசைக்குள் எப்படி வந்து அமர்கிறது என்பதைத்தான், வீணை படித்த ஒருத்தியாக, உங்களோடு பகிர விரும்புகிறேன்.

'பிங்க் வெனம்' வெளியான ஓகஸ்ட் 19ஆம் திகதி ஒரு வெள்ளிக்கிழமை. கொரியாவில் பிற்பகல் ஒரு மணி என்றால் நமக்குக் காலை ஒன்பதரை. நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால் எங்கள் ஒழுங்கை காலையிலிருந்தே ஆட்களால் நிறைந்திருந்தது. அம்மம்மா விறாந்தையில் இருந்து பூமாலை கட்டிக்கொண்டிருந்தார். மின்வெட்டு வருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று கைத்தொலைபேசியில், ஹெட்ஃபோன் கூடப் போடாமல், நான் காணொளியைத் திறந்தேன். குழுவின் பெயரை உச்சரிக்கும் குரல்களும், அவற்றோடு கனமாக அறைந்து ஒலிக்கும் ஒரு நரம்பின் ஒலியும் வந்தன. அம்மம்மா பூவைக் கீழே வைத்துவிட்டு, "உது ஆர் பிள்ளை வீணை வாசிக்கிறது?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து, "இல்லை, உது வீணை இல்லை. ஆனால் எங்கேயோ சொந்தம் மாதிரிக் கிடக்கு" என்றார். ஆறு ஆண்டுகளாக இந்தக் குழுவை நான் கேட்டு வருகிறேன். 2016 ஓகஸ்டில் அவர்கள் அறிமுகமான நாளிலிருந்து ஒரு பாட்டுக்குக்கூட அம்மம்மா நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவர் கேட்ட அந்த வாத்தியத்தின் பெயர் கொமுங்கோ. காணொளியின் தொடக்கத்தில் ஜிசூ அதன் முன் அமர்ந்து வாசிப்பதாகக் காட்டுகிறார்கள். ஆறு நரம்புகளும், நரம்பை அழுத்திச் சுரம் பிடிக்கும் மேடுகளான பதினாறு மெட்டுகளும் கொண்ட நீண்ட வாத்தியம் அது. மேற்பலகை பவ்லோனியா என்ற மென்மரத்தாலும், அடிப்பலகை செஸ்நட் என்ற கடினமான மரத்தாலும் ஆனவை. நரம்புகள் முறுக்கிய பட்டுநூலால் ஆனவை. ஆறில் மூன்று நரம்புகள் மட்டுமே மெட்டுகளின் மேலாகச் செல்கின்றன. மற்ற மூன்றும், கொரியர்கள் காட்டு வாத்தின் கால் என்று பெயர் வைத்திருக்கும், நகர்த்தக்கூடிய சிறு குதிரைகளின், அதாவது நரம்பைத் தாங்கும் கட்டைகளின், மேல் நிற்கின்றன. நம்முடைய வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கின்றன. நான்கு நரம்புகளை வாசிக்கிறோம், மூன்று தாள நரம்புகள் பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே வாசிக்கும் நரம்பும் துணை நிற்கும் நரம்பும் என்ற பிரிவு இரண்டு வாத்தியங்களிலும் இருக்கிறது. அம்மம்மாவின் காது சொந்தம் கண்டது அங்கேதானோ என்று எனக்குத் தோன்றியது.

வேறுபாடு வலது கையில் இருக்கிறது. வீணையை நாம் விரலால் மீட்டுகிறோம். கொமுங்கோ வாசிப்பவர் பென்சில் அளவான ஒரு மூங்கில் குச்சியை விரல்களுக்கிடையில் பிடித்து, நரம்பை மேலிருந்து அடிக்கிறார். நரம்பைக் கடந்த குச்சி அப்படியே பலகையிலும் போய் விழும். அந்த இடத்தில் மரம் பழுதாகாமல் இருக்க ஒரு தோல் துண்டை ஒட்டி வைத்திருப்பார்கள். இதனால் ஒவ்வொரு சுரத்தோடும் 'டக்' என்று ஒரு தட்டும் சேர்ந்தே பிறக்கிறது. சுரமும் தாளமும் ஒரே கையசைவில் வருவதால், அதைப் பாதி வீணை, பாதி மிருதங்கம் என்று சொன்னாலும் தகும். வாங் சன்-அக் என்பவர் இதை உருவாக்கி வாசித்தபோது கருங்கொக்கு ஒன்று வந்து ஆடியதாக, 1145இல் தொகுக்கப்பட்ட கொரிய வரலாற்று நூலான 'சம்குக் சாகி' சொல்கிறது. அந்த ஒலியின் இருண்ட கனத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் கதையில் வருவது ஏன் கருங்கொக்காக இருக்கிறது என்பது விளங்கும்.

இப்போது பாடலுக்கு வருகிறேன். ஹிப்ஹொப்புக்கு வேண்டியது நீண்டு இழையும் ஒலியல்ல; தொடங்கிய இடம் தெளிவாகத் தெரிந்து, உடனே அடங்கி, அடுத்த அடிக்கு இடம் விடுகின்ற ஒலி. வீணையை அப்படியே வைத்திருந்தால், அதன் நாதம் ஜெனியின் சொற்களுக்கு மேல் படர்ந்து அவற்றை மூடியிருக்கும். கொமுங்கோ தானே தட்டித் தானே அடங்குவதால், கதவை உதைத்துத் திறந்து வருவதாகத் தொடங்கும் அவருடைய வரிகளுக்கு அது பக்கத்தில் நின்று தாளம் கொடுக்கிறது. இந்த வாத்தியத்தைத் தெரிவு செய்தவர் அதன் இயல்பை வடிவாக அறிந்துதான் தெரிவு செய்திருக்கிறார் என்பதே என் எண்ணம். ஊர் அடையாளத்துக்காக நாலு விநாடி பழைய வாத்தியம் ஒன்றைக் காட்டிவிட்டுப் போகும் பாடல்கள் எந்த மொழியிலும் உண்டு, நம்முடைய சினிமாப் பாடல்களிலும் நிறையவே உண்டு. இது அந்த வகையல்ல.

ஆனாலும் ஒரு குறையை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் இந்தக் குழுவிடம் எனக்கு எதிர்பார்ப்பு அதிகம். கொமுங்கோவின் இடது கைக்கு இப்பாடலில் வேலை மிகக் குறைவு. நரம்பை மெட்டின் மேல் அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளி, சுரத்தை ஆட்டி அசைப்பது அந்த வாத்தியத்தின் உயிர். நாம் வீணையில் நரம்பை இழுத்துக் கமகம் பிடிப்பதற்கு அது நெருங்கிய உறவு. பாடலில் ஒரு சிறிய சொற்றொடர் போல அந்த இசைத்துணுக்கு சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர, அசைந்து எங்கும் போவதில்லை. ட்ரம்மும் பேஸும் மேலெழும்போது, என் காதுக்கு, அந்தத் தட்டு அவற்றுக்குள் கரைந்தும் விடுகிறது. ரோசேயும் ஜிசூவும் பாடும் மெல்லிய பகுதியில், ராப் ஓய்ந்து இராகம் எழும் அந்த இடத்தில், கொமுங்கோவுக்கு எட்டே எட்டுத் தாள அட்சரம் தனியாகக் கொடுத்திருக்கலாம். அது கிடைக்கவில்லை என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

லிசாவின் பகுதியில், 2005இல் ரிஹானா பாடிப் புகழ்பெற்ற ஒரு பாடலின், ஒன்று இரண்டு என்று எண்ணிச் செல்லும் வரி எடுத்தாளப்பட்டிருப்பதைப் பலரும் கண்டுபிடித்திருப்பீர்கள். முதல் 24 மணிநேரத்தில் இந்தக் காணொளியை யூரியூப்பில் 90.4 மில்லியன் தடவைகள் பார்த்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து போனவையும் சில உண்டு என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடுத்தது 'ஷட் டவுன்'. இதன் அடித்தளம் முழுவதும் ஒரு வயலின் துணுக்கு. இத்தாலிய வயலின் மேதை பகனினி 1826இல் இயற்றிய இரண்டாவது வயலின் கொன்செர்ட்டோவின் இறுதிப் பகுதியிலிருந்து அது எடுக்கப்பட்டிருக்கிறது. 'லா கம்பனெல்லா', அதாவது சின்ன மணி, என்று அந்தப் பகுதியை அழைப்பார்கள். வயலின் வாசிக்கும் இசையோடு சேர்ந்து ஒரு சிறிய மணியோசை அதில் ஒலிப்பதே காரணம். மூலத்தில் வயலின் துள்ளிக்கொண்டே போகும். வாசிப்பவர் தன் திறமை முழுவதையும் காட்டும் இடம் அது. இங்கே அந்தத் துள்ளலைப் பிடித்து, சில விநாடி நீளத்துக்கு வெட்டி, அடியில் கனமான தாளத்தை வைத்துச் சுழல விட்டிருக்கிறார்கள். ஓட வேண்டிய இசை ஓடாமல் ஒரே இடத்தில் சுழலும்போது ஒரு பதற்றம் பிறக்கிறது. நால்வரும் அந்தப் பதற்றத்துக்கு மேல் கொஞ்சமும் அவசரப்படாமல், குரலை உயர்த்தாமல் பாடுகிறார்கள். பாடலின் கம்பீரம் முழுவதும் அந்த நிதானத்தில் இருக்கிறது. காணொளியில் தங்களுடைய பழைய காணொளிகளின் காட்சிகளை அவர்கள் மீண்டும் நினைவுபடுத்துவதும் இந்த நிதானத்தோடு பொருந்துகிறது. ஒவ்வொன்றையும் முதன்முறை எங்கே, யாரோடு இருந்து பார்த்தேன் என்பது என் நினைவில் எழுந்து, இரண்டாம் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வயலினைக் கேட்டபோது அம்மம்மா எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வயலின் படித்தவர்கள் நம் ஊரெங்கும் இருக்கிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு வீணையோடு நான் காத்திருந்த வரிசையில், எனக்கு முன்னாலும் பின்னாலும் வயலின் பெட்டிகளே இருந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் அம்மம்மாவுக்கு வீட்டு ஆளாகிவிட்டது. ஆசியாவின் கொமுங்கோதான் புதிதாக இருந்தது.

இரண்டில் எது சிறந்தது என்று தங்கச்சியோடு ஒரு கிழமையாக வாதாடுகிறேன். பாடலாகப் பார்த்தால் 'ஷட் டவுன்' கட்டுக்கோப்பானது, ஒரு விநாடியும் வீணாகவில்லை. வாத்தியத்தைக் கையாண்ட துணிவைப் பார்த்தால் என் மனம் 'பிங்க் வெனம்' பக்கமே நிற்கிறது. வயலினை வெட்டிச் சுழல விட்டால் அது எந்த ஊர்க் காதுக்கும் உடனே பிடிபடும். தன் நாட்டுக்கு வெளியே பெரும்பாலானோர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு வாத்தியத்தை, இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் வரும் பாடலின் முதல் ஒலியாக வைப்பதற்கு வேறு விதமான நம்பிக்கை வேண்டும்.

தொகுப்பின் மற்றப் பாடல்களில், ரோசே தனியாகப் பாடிய 'ஹார்ட் டு லவ்' எனக்கு மிகவும் பிடித்தது. ஜிசூவும் ரோசேயும் வரிகள் எழுதுவதில் பங்கெடுத்த 'யே யே யே' மாலை நேரத்துக்கு ஏற்றது. மற்றவற்றை இன்னும் சில தடவைகள் கேட்ட பிறகுதான் என்னால் நேர்மையாகப் பேச முடியும்.

நேற்று இரவு மின்வெட்டு நேரத்தில், மெழுகுதிரி வெளிச்சத்தில், 'பிங்க் வெனம்' தொடக்கத்தை என் வீணையில் வாசித்துப் பார்த்தேன். சுரங்கள் உடனே பிடிபட்டன, ஆனால் நாதம் நீண்டுகொண்டே போனது. பிறகு ஒவ்வொரு மீட்டுக்கும் வலது உள்ளங்கையின் ஓரத்தால் நரம்பைத் தொட்டு அடக்கி, நடுவிரலால் பலகையில் மெதுவாகத் தட்டினேன். அப்போதுதான் அந்த ஒலியின் சாயல் கொஞ்சம் வந்தது. அடுத்த காணொளியில் அதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். மந்தர நரம்பை மட்டும் கொஞ்சம் இறக்கிச் சுருதி கூட்ட வேண்டியிருக்கிறது.