சிவப்பாகத் தெரிந்த ஏரி

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். முப்பது வருடம் செயற்கைக்கோள் படங்களைப் படித்துச் சம்பளம் வாங்கியவன். ‘தொலையுணர்வு பற்றி, அதாவது மேலிருந்து படம் எடுத்துத் தரையைப் படிப்பது பற்றி, ஐந்தாறு நிமிடம் பேசுங்கள், கணக்கு மட்டும் வேண்டாம்’ என்று கேட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன். அப்போது எங்கள் கையில் இருந்தவை, 1988-இல் ஏவிய ஐ.ஆர்.எஸ்-1ஏ என்ற இந்தியச் செயற்கைக்கோள் அனுப்பிய படங்கள். அதில் மிக நுணுக்கமான படத்திலேயே ஒரு புள்ளி என்பது தரையில் 36 மீட்டர். நகருக்குத் தென்கிழக்கே நிலவரைபடம் போடச் சொன்னார்கள். ஒரு பெரிய பரப்பு செக்கச்செவேல் என்று இருந்தது. நெல்வயல் என்று குறித்துக் கொடுத்துவிட்டேன்.

சிவப்புக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம்? இலையில் இருக்கும் பச்சையம், வெயிலில் உள்ள சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையோ, இலையின் உள்திசு ஏறக்குறைய பாதிக்குப் பாதி திருப்பி அடித்துவிடும். அந்தத் தெரியாத ஒளிக்குப் படத்தில் சிவப்பு வண்ணம் கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். ஆகவே செழித்த செடி சிவப்பாகத் தெரியும். தண்ணீர் அதே ஒளியை விழுங்கிவிடும், கறுப்பாகத் தெரியும்.

என் மேலதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டரில் ஏற்றி நேரே அங்கே கொண்டுபோய் இறக்கினார். கரையில் ஒரு அம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். ‘இது யார் வயல்?’ என்று கேட்டேன். ‘வயலா? ஏரி தம்பி. இறங்கிப் பாரு, இடுப்பு முட்டும்’ என்றார். நான் இறங்கவில்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஆகாயத்தாமரை.

அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரக் குறியீடு. இதுதான் இன்று நான் சொல்லும் ஒரே கணக்கு. எண் ஒன்றை நெருங்கினால் அடர்ந்த பசுமை. காட்டுக்கும் வயலுக்கும் அது நல்ல செய்தி. ஏரிக்கு அப்படியே தலைகீழ். சாக்கடையில் வரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்றுதான் ஆகாயத்தாமரை அந்த வேகத்தில் பரவுகிறது. வெளிச்சத்தை மறைத்து, அடியில் உள்ள தண்ணீருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செய்கிறது. குறியீடு அதிகமாகக் காட்டும் ஏரி, பெரும்பாலும் ரொம்ப முடியாமல் கிடக்கும் ஏரி. அலுவலக மேசையில் இருந்தபடி அந்த எண்ணை மட்டும் வாசித்தால், நோயாளியைப் பார்த்து ‘முகத்தில் என்ன களை!’ என்று சொன்ன கதையாகிவிடும்.

காட்டுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நம் நாட்டு வன நில ஆய்வு நிறுவனம் 1987 முதல் செயற்கைக்கோள் படங்களை வைத்து வனப்பரப்பு அறிக்கை வெளியிட்டு வருகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில், மரங்களின் தலைவிரிப்பு, அதாவது மேலிருந்து பார்த்தால் கிளையும் இலையும் தரையை மூடும் அளவு, பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி கிடையாது. தைலமரத் தோப்பும் சேரும், உங்கள் மாமா வீட்டுத் தென்னந்தோப்பு பெரிதாக இருந்தால் அதுவும் சேரும். அளவுகோல் தவறு என்று நான் சொல்லவரவில்லை. அது பரப்பைச் சொல்கிறது. யானை அங்கே என்ன தின்னும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டும்.

தென்னை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் இந்தத் துறை பிறந்ததே தென்னந்தோப்பில்தான். 1970-இல் பேராசிரியர் பிஷரோட்டி தலைமையில் கேரளத்தின் மேல் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புப் படச்சுருளில் தென்னை வாடல் நோயைப் படம் பிடித்தார்கள்.

இன்றைக்கு வசதி கூடிவிட்டது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் பத்து மீட்டர் நுணுக்கத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் தருகிறது, காசு கிடையாது. அல்சூர் ஏரி சுமார் 50 ஹெக்டேர். அதில் ஐயாயிரம் புள்ளியாக விழும். மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும், அதற்கு ரேடார் வேண்டும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நைசார் என்ற ரேடார் செயற்கைக்கோள், இதே பெங்களூரில் கோத்து முடிக்கப்பட்டு, 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. மேகம், இருட்டு எதுவும் அதற்குத் தடையில்லை.

ஆனாலும் 2016 மார்ச்சில் ஒருநாள் காலை அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கரைந்த ஆக்சிஜனை எந்தச் செயற்கைக்கோளாலும் நேரடியாக அளக்க முடியாது. நாற்றமும் அதற்கு எட்டாது. எங்களுக்குச் சேதி சொன்னது மூக்குதான்.

இந்தத் தண்ணீர் எங்களோடு நிற்பதும் இல்லை. அல்சூரில் வழிந்தால் பெல்லந்தூர், அப்புறம் வர்த்தூர், அங்கிருந்து தென்பெண்ணை. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது என்று செய்தி வருகிறதே, அதில் எங்கள் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் இருக்கிறது. பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூரில் கடல். இத்தனையும் மேலிருந்து எடுக்கும் படத்தில் ஒரே கோடு. நடுவில் மாநில எல்லை எங்கே என்று அந்தப் படத்தை வைத்து என்னால் காட்ட முடியாது.

ஆகவே ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுரை வந்தாலோ, தண்ணீர் நிறம் மாறினாலோ, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடம் என்பதும் பதிவாகட்டும். முடிந்தால் காலை பதினொரு மணி வாக்கில் எடுங்கள். சென்டினல் நம் தலைக்கு மேல் போவதும் கிட்டத்தட்ட அந்த நேரம்தான், இரண்டு படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வணக்கம்.