கடைய வாங்குனவரு நோட்டயும் கேட்டாரு

வணக்கம் மக்களே, சத்துவாச்சாரில இருந்து பேசறேன், ஃபேன் சத்தம் கேக்கும், இந்த வெயில்ல அத ஆஃப் பண்ண முடியாது.

இன்னிக்கு மேட்டரு 2012ல அமெரிக்காவுல நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஷவுட் ஃபேக்டரினு ஒரு டிவிடி கம்பெனி, பழைய டிவி சீரியலுங்கள தூசி தட்டி நல்ல பாக்ஸ்ல போட்டு விக்கறவங்க. அவங்க ஓரிகன்ல இருந்த டைம்லெஸ் மீடியா குரூப்புனு ஒரு சின்ன கம்பெனிய வாங்கிட்டாங்க.

டைம்லெஸ்னாலே குதிர, தொப்பி, துப்பாக்கி, அதான் கவ்பாய் சீரியலு. 1957ல ஆரம்பிச்ச வேகன் டிரெயின், 1962ல வந்த தி வர்ஜீனியன். வர்ஜீனியன் மட்டுமே 249 எபிசோடு, விளம்பரத்தோட ஒவ்வொன்னும் ஒன்ற மணி நேரம், இப்ப உக்காந்தா ஆடி கிருத்திகைக்குள்ள முடிச்சிடுவேன்னு எனக்கு நம்பிக்க இல்ல.

(திரையில: பூட்டுன தோப்பு கேட்டு)

கம்பெனிய வாங்கிட்டா சீரியலே அவங்க சொத்துனு நெனச்சிக்கினு இருப்பீங்க. கெடையாது. அந்த ரெண்டு சீரியலும் யுனிவர்சலோடது. இந்த மாதிரி சின்ன கம்பெனிங்க கையில இருக்கறது பெரும்பாலும் லைசென்ஸ்தான், இன்ன நாட்டுல, இத்தினி வருஷம், டிஸ்க்ல மட்டும் வித்துக்கலாம்னு. குடியாத்தம் பக்கம் மாந்தோப்ப குத்தகைக்கு எடுக்கறாங்களே, மரம் ஓனருக்கு காய் நமக்கு, அந்த கணக்குதான். நம்ம நாட்டு கம்பெனி மோசர் பேயர் 34 ரூபாய்க்கு டிவிடி வித்தாங்களே, அதுவும் படம் அவங்களுது இல்ல, வீடியோ ரைட்ஸ்தான்.

அப்ப இன்னாத்துக்கு காசு குடுத்து வாங்கணும்?

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேசட் கட இருந்துச்சு, பட வீடியோ கேசட்ட வாடகைக்கு குடுப்பாங்க. ஓனர் அண்ணன் விக்கறப்ப நானும் அங்கதான் இருந்தேன். வாங்க வந்தவரு ஒரு கேசட்ட எடுத்து அந்த மூடிய தூக்கி பாத்தாரு, டேப்பு ஓரமா வெள்ளவெள்ளயா பூஞ்ச, ஒன்னும் சொல்லாம வெச்சிட்டு, "நோட்டு எங்கண்ணா?"னு கேட்டாரு. எவரு எந்த மாதிரி படம் எடுப்பாங்க, எவ்ளோ அட்வான்ஸ் கட்டியிருக்காங்க, எல்லாம் அந்த நீட்டு நோட்டுலதான். கேசட் வேற எங்கயும் கெடைக்கும், நோட்டு கெடைக்காது.

டைம்லெஸ்கிட்டயும் அதான். கவ்பாய் சீரியலு பாக்கறவங்க கொஞ்ச பேருதான், ஆனா விடாம வாங்குவாங்க, எந்த பேர நம்பி வாங்கறாங்களோ அந்த பேர தேடித்தான் வருவாங்க.

நம்ம கேசட் கடக்காரரு போர்டகூட மாத்தல, கேட்டதுக்கு "இந்த பேர சொல்லித்தான்டா தொரப்பாடில இருந்து வராங்க"ன்னாரு. ஷவுட்டும் அப்டியேதான், வாங்குனப்புறமும் டைம்லெஸ் பேருலயே பாக்ஸ் போட்டாங்க. அதனால 2012க்கு அப்புறம் வந்த செட்ல டைம்லெஸ் லோகோ பாத்தா கொழம்பாதீங்க, கல்லா ஷவுட்டோடதுதான்.