தொடை வழியாகவா, நெஞ்சைத் திறந்தா?

வணக்கங்க, பாலக்கோட்டிலிருந்து பேசுகிறேன். நேற்று பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்து அழுதார். பையனுக்கு இதயத்தில் ஓட்டை. தெரிந்தவர் வீட்டுப் பெண்ணுக்குத் தொடை வழியாகவே அடைத்து ரெண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், என் பிள்ளைக்கு மட்டும் ஏன் நெஞ்சைத் திறக்க வேண்டும், நம்மிடம் காசு இல்லை என்றுதானே என்று கேட்டார்.

இல்லைக்கா. என் மகள் பாப்பாவுக்கு நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நானும் இதே சண்டையைப் போட்டவன்தான்.

தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய் ஓட்டையை அடைக்கிற டிவைஸ், நிட்டினால் என்கிற உலோகக் கம்பியில் பின்னிய இரண்டு சின்னத் தட்டு, நடுவில் ஒரு இடுப்பு. குழாய்க்குள் மடங்கிப் போய், சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என விரிந்து கவ்விக்கொள்ளும். கவ்வ ஓட்டையைச் சுற்றி விளிம்பு வேண்டும், அதைத்தான் டாக்டர்கள் ரிம் என்கிறார்கள். மேல் அறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை இருந்து ரிம்மும் இருந்தால் டிவைஸ் போதும். பாப்பாவுக்கு ஓட்டை மேலே, தலை கையிலிருந்து ரத்தம் வந்து இறங்குகிற பெரிய குழாயின் வாசலிலேயே. எக்கோ என்கிற இதய ஸ்கேன் திரையில் டாக்டர் விரல் வைத்துக் காட்டினார், ஒரு பக்கம் ரிம்முக்கான வெள்ளைக் கோடே இல்லை, வெறும் கறுப்பு. அப்புறம் நான் வாதாடவில்லை.

ஆபரேஷனில், இதயம் நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்கிற ஹார்ட் லங் மெஷினில் போட்டு, இதயத்தை நிறுத்தி, அதைச் சுற்றியிருக்கிற உறையிலேயே ஒரு துண்டு வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். 1953லேயே அமெரிக்காவில் கிப்பன் என்ற டாக்டர் இந்த மெஷினை வைத்து ஓட்டையை அடைத்துவிட்டார், அத்தனை பழகின வேலை. வலி உண்டு, ஒரு வாரம் ஆஸ்பத்திரி, நெஞ்செலும்பு கூடும்வரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. இப்போது நெஞ்சு நடுவில் பென்சில் கோடு மாதிரி ஒரு தழும்பு, குளிக்கும்போது அவளே தடவிப் பார்ப்பாள்.

டிவைஸ் போட்டாலும் ஆறு மாதம் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை உண்டு. அபூர்வமாக நழுவினால் பல நேரம் குழாய் வழியாகவே எடுத்துவிடுவார்கள், முடியாவிட்டால் அப்போதும் ஆபரேஷன்தான். கீழ் அறைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை என்றால் பல பிள்ளைகளுக்குத் தானாகவே மூடிவிடும், அதனால் டாக்டர் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள், செக்கப்பை மட்டும் விடாதீர்கள்.

அக்கா, சேலம் போகும்போது காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். எக்கோ ரிப்போர்ட்டில் ஓட்டை எந்த இடம், ரிம் எந்தப் பக்கம் இல்லை என்று டாக்டரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய்யுங்கள்.