கிருமி போன பிறகும் நிற்காத வயிற்றுப்போக்கு

நேயர்களுக்கு வணக்கம். சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். 14 நாளாகியும் நிற்காவிட்டால் அதை நீடித்த வயிற்றுப்போக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கட்டத்தில் வரும் பெற்றோர், "இன்னும் கிருமி போகலையா டாக்டர்?" என்றுதான் கேட்கிறார்கள். பல குழந்தைகளுக்கு அந்தக் கிருமி எப்போதோ போயிருக்கும். அதோடு சேர்ந்து, குடலில் இருந்தாக வேண்டிய பாக்டீரியாக்களும் போயிருக்கலாம்.

அவை போனால் என்ன ஆகும்? கல்லீரல் கொழுப்பைச் செரிக்கப் பித்த அமிலங்களைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அவற்றில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அங்கே கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் அவற்றை வேறு அமிலங்களாக மாற்றுகின்றன. உதாரணமாக, செனோடிஆக்சிகோலிக் என்ற பித்த அமிலம் அளவு மீறினால் பெருங்குடலில் தண்ணீரைச் சுரக்க வைக்கும். பாக்டீரியா அதை லித்தோகோலிக் அமிலமாக மாற்றிவிட்டால் அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, வீரியமும் குறைந்துவிடும். அளவு மீறிச் சேர்ந்து, மாற்றவும் ஆளில்லை என்றால் குழந்தைக்குத் தண்ணீராகப் போகலாம். அப்படி வேகமாகப் போவதாலேயே இந்த பாக்டீரியாக்கள் மறுபடி நிலைகொள்ள நேரம் கிடைக்காது. ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழல் இது.

கைக்குழந்தைகளுக்கு இந்த பாக்டீரியாக்கள் ஆரம்பத்தில் மிகக் குறைவு. தாய்ப்பாலோடு மற்ற உணவும் சேரும் மாதங்களில்தான் மெல்ல மெல்லக் குடியேறுகின்றன. அந்த வயதில் தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் அந்தக் குடியேற்றத்தைக் கலைக்கிறது. போன முறை எழுதிக் கொடுத்த மருந்துதானே என்று கடையில் மறுபடி வாங்கிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. மலத்தில் இரத்தம், காலரா என்று ஆன்டிபயாட்டிக் அவசியமான சந்தர்ப்பங்கள் உண்டு. அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

குறைமாதத்தில் பிறந்து, குடல் அழுகிச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்த குழந்தைகளின் கதை வேறு. உறிஞ்ச இடமே இல்லாததால் பித்த அமிலம் பெருங்குடலில் கொட்டும். கொலஸ்டிரமின் என்ற பொடி அதைப் பிடித்து வைக்கும். ஆனால் கூடவே ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் பிடித்துக்கொள்ளும். அதனால் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓஆர்எஸ் கொடுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது இதுவரை கொடுத்த எல்லா மருந்துச் சீட்டுகளையும், எடை குறித்த அட்டையையும் எடுத்துப் போங்கள். மலம் எண்ணெய் மினுக்கோடு மிதக்கிறதா, இரவில் தூக்கத்திலும் போகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிப் போய்விடுங்கள்.