கணினி வரைந்த படத்துக்கு மனிதர் எப்படி உரிமை கொண்டாட முடியும்?

"1960களில் கணினியால் படம் வரைந்தவர்களை முன்னோடிகள் என்கிறீர்கள். இயந்திரம் வரைந்ததற்கு மனிதருக்கு எப்படிப் பெயர் சேரும்? இன்றைய செயற்கை நுண்ணறிவுப் படங்களும் அவையும் ஒன்றுதானா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இதே சந்தேகம் அன்றைக்கே அரசு அலுவலகம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக்கேல் நோல், 1962இலேயே கணினியால் கோட்டோவியங்களை உருவாக்கத் தொடங்கியவர். அவற்றுள் ஒன்றுக்குப் பதிப்புரிமைப் பதிவு கோரி விண்ணப்பித்தபோது, இயந்திரம் உண்டாக்கியதைப் பதிவு செய்ய இயலாது என்று முதலில் மறுத்துவிட்டார்கள். நிரலை எழுதியவன் மனிதன்தான் என்று அவர் விளக்கம் அனுப்பினார். அப்படியானால் படத்தில் கோடுகள் போகும் இடத்தைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த எண்களுக்கு யார் பொறுப்பு என்று அடுத்த தடை வந்தது. அவை பார்வைக்குத்தான் குலுக்கல், அந்த எண்களைப் பிறப்பிக்கும் கணக்கும் வரையறுக்கப்பட்ட விதிதான் என்று நோல் மறுபடியும் விளக்கிய பிறகே, 1965இல் பதிவு கிடைத்தது. என்னைக் கேட்டால், உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை யாரும் சொல்லிவிட முடியாது.

விதி என்றால் என்ன என்பதற்கு ஜெர்மானியர் கேயோர்க் நேஸின் படம் ஒன்றைச் சொல்கிறேன். எர்லாங்கன் நகரில் சீமென்ஸ் நிறுவனத்தில் கணிதராக இருந்த அவர், 1968ஆம் ஆண்டளவில் வரைந்த அந்தப் படத்துக்கு 'ஷோட்டர்', அதாவது ஜல்லி, என்று பெயர். வரிசைக்கு 12 சதுரங்களாக 22 வரிசைகள். மேலே தரையில் கல் பதித்தது போல ஒழுங்காகத் தொடங்கும் சதுரங்கள், கீழே வரவர சற்றே திரும்பி, இடம் பெயர்ந்து, கடைசியில் லாரியிலிருந்து கொட்டிய ஜல்லியாகவே சிதறிக் கிடக்கும். எந்தச் சதுரம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை நேஸ் கையால் குறிக்கவில்லை. ஆனால் கீழே போகப் போகத் திரும்பும் அளவும் விலகும் அளவும் கூடிக்கொண்டே போக வேண்டும், அந்த எல்லைக்குள் குலுக்கல் எண் எதுவாகவும் இருக்கலாம் என்பதை முடிவு செய்தவர் அவரே. படத்தின் அழகெல்லாம் அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

பாரிஸில் வாழ்ந்த ஹங்கேரியரான வேரா மோல்னாரோ இயந்திரமே இல்லாமல் இதைச் செய்து காட்டியவர். 1968இல் கணினி கைக்கு எட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தமக்குத் தாமே விதிகளை வகுத்துக்கொண்டு, அவற்றைக் கற்பனை இயந்திரம் ஒன்று நிறைவேற்றுவதாகப் பாவித்து, படிப்படியாகக் கையாலேயே வரைந்து பார்த்தார். கணினி வந்ததும் அவருக்கு வேகம் கூடியதே தவிர, முறை மாறவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. 1965 பிப்ரவரியில், ஸ்டுட்கார்ட் தொழில்நுட்ப உயர்கல்விக் கூடத்தில் தத்துவப் பேராசிரியர் மாக்ஸ் பென்சே நேஸின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கு வந்திருந்த ஓவியர்களுக்கு ஒரே எரிச்சல். இது 'செயற்கைக் கலை'தான் என்று பென்சே சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது ஓவியர் ஒருவர், தம்முடைய தனிப்பட்ட பாணியிலேயே வரையும்படி இந்த இயந்திரத்தை ஆக்க முடியுமா என்று நேஸிடம் கேட்டாராம். முடியும், ஆனால் நீங்கள் எப்படி வரைகிறீர்கள் என்பதை முதலில் நீங்கள் எனக்குத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்பது நேஸின் பதில். அதே ஆண்டு நவம்பரில் அதே நகரில் நேஸுடன் சேர்ந்து தம் படங்களைக் காட்சிக்கு வைத்த பிரீடர் நாகே, பின்னாளில் இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்த நிபந்தனையில்தான் வேறுபாடு இருக்கிறது. நேஸின் கணினிக்கு, சொல்லிக் கொடுக்காத எதுவும் தெரியாது. ஆகவே படத்தின் ஒவ்வொரு விதிக்கும் இன்னார் என்று ஒருவரைக் கைகாட்ட முடிந்தது. இன்றைய கருவிகளோ, கோடிக்கணக்கான படங்களிலிருந்து விதிகளைத் தாமே திரட்டிக்கொள்கின்றன. அந்த ஓவியர் இன்று இருந்தால், தாம் எப்படி வரைகிறார் என்பதை அவர் வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது, அவரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.