குழந்தை பிறந்தாச்சு, இன்னும் ஒரு வருஷம் மெடிக்கெய்ட் எதுக்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்காவுல பிரசவ பில் எப்படிப் போடறாங்கன்னு பேசின பதிவுக்குக் கீழ நிறைய சந்தேகம் வந்திருந்தது. அதுல ஒண்ணு மனசுலயே நிக்குது, மெடிக்கெய்ட் பத்தினது. மெடிக்கெய்ட்ங்கிறது குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற மருத்துவக் காப்பீடு. டெக்சாஸ்லேருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பொண்ணுக்கு மே 14-ஆம் தேதி பிரசவம். மெடிக்கெய்ட்லதான் பார்த்தோம். முன்னெல்லாம் ரெண்டு மாசத்துல நின்னுடுமாம், இப்ப ஒரு வருஷம்ங்கிறாங்க. ஆறாவது வாரம் டாக்டரைப் பார்த்தாச்சு. பிள்ளையும் நல்லா இருக்கு, இவளும் நல்லா இருக்கா. மாப்பிள்ளைக்குச் சம்பளமும் கொஞ்சம் கூடியிருக்கு. இனிமே அது எதுக்கு, விட்டுடலாமா?"

விடாதீங்கம்மா. அதை முதல்லயே சொல்லிடறேன், காரணத்துக்கு அப்புறம் வரேன்.

பழைய சட்டப்படி, பிரசவத்திலேருந்து 60-ஆவது நாள் எந்த மாசத்துல வருதோ, அந்த மாசக் கடைசியோட தாய்க்குக் காப்பீடு முடியும். 2021 மார்ச்ல வந்த அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம், மாநிலங்கள் விரும்பினா இதை 12 மாசமா நீட்டிக்கலாம்னு சொன்னது. 2022 ஏப்ரல் 1-லேருந்து அமல். முதல்ல அஞ்சு வருஷத்துக்குன்னுதான் இருந்தது, 2022 கடைசியில நிரந்தரமாக்கிட்டாங்க. கவனிங்க, இது மாநிலத்தோட விருப்பம், கட்டாயம் இல்லை. பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்தாச்சு. விஸ்கான்சினும் அர்க்கன்சாவும்தான் ரொம்ப நாள் தள்ளியே நின்னுச்சு. டெக்சாஸ்ல 2024 மார்ச் 1-லேருந்து நடைமுறையில இருக்கு.

உங்க பொண்ணு கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2025 மே 14 பிரசவம்னா 60-ஆவது நாள் ஜூலை 13. பழைய சட்டத்துல ஜூலை 31-ஓட முடிஞ்சிருக்கும். இப்ப 2026 மே 31 வரைக்கும் உண்டு. மாப்பிள்ளை சம்பளம் கூடினது இதைப் பாதிக்காது. நடுவுல வருமானம் ஏறினாலும் அந்த 12 மாசத்துக்கு நிறுத்தக்கூடாதுங்கிறது இந்தத் திட்டத்தோட அடிப்படையே. இன்னொண்ணு, பலருக்குத் தெரியாது: கர்ப்பம் எப்படி முடிஞ்சாலும் 12 மாசம் உண்டு. கரு கலைஞ்சிருந்தாலும், குழந்தை இறந்தே பிறந்திருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு இது உரிமை. அந்தத் துக்கத்துல யாரும் இதை எடுத்துச் சொல்றதில்லை, அதனாலதான் நான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன்.

இப்ப காரணம். சிடிசி, அதாவது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், 2017-லேருந்து 2019 வரைக்கும் 36 மாநிலங்கள்ல கர்ப்பம் சார்ந்து நடந்த 1,018 மரணங்களை அலசிச்சு. பாதிக்கு மேல, 53 சதவீதம், பிரசவமாகி ஒரு வாரத்துக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள நடந்தவை. 43-ஆவது நாளுக்கு மேல மட்டும் 30 சதவீதம். பத்துல எட்டுக்கு மேல தடுத்திருக்கக் கூடியவை. ஆறாவது வாரம் டாக்டரைப் பார்த்தாச்சுன்னு சொல்றீங்களே, ஆறு வாரம்னா 42 நாள். அந்த 30 சதவீதம் அதுக்கு மறுநாள்லேருந்துதான் தொடங்குது.

அதனால விடலாமாங்கிறதை விட, இந்த 12 மாசத்துல என்னென்ன முடிச்சுக்கணும்னு நீங்க கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும். அதையே பேசிடறேன்.

ரத்த அழுத்தம். கர்ப்பத்துல பிரஷர் இல்லாதவங்களுக்கும் பிரசவத்துக்கு அப்புறம் ஆறு வாரத்துக்குள்ள வரலாம். வீட்டுல பார்க்கும்போது அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்துட்டு, முதுகைச் சாய்ச்சு, காலைக் குறுக்கப் போடாம, துணி இல்லாத கையில பட்டையைச் சுத்தி, கையை நெஞ்சு மட்டத்துல வெச்சுப் பார்க்கணும். 140-க்கு 90 தாண்டினா அன்னிக்கே டாக்டருக்கு போன். 160-க்கு 110 காட்டினா 15 நிமிஷத்துல இன்னொரு தடவை பாருங்க. அப்பவும் அப்படியே இருந்தா நேரா எமர்ஜென்சி. விடாத தலைவலி, கண்ணுல பூச்சி பறக்கறது, வலது பக்க மேல்வயித்து வலி இருந்தா எண்ணே பார்க்க வேண்டாம், கிளம்பிடுங்க. அங்க போனதும் முதல் வார்த்தையா "எனக்குப் பிரசவமாகி இத்தனை வாரம்"னு சொல்லணும். கையில குழந்தை இல்லாம தனியா வந்து நிக்கிற பொண்ணைப் பார்த்தா அவங்களுக்கு அது தெரியாது. வெறும் தலைவலின்னு மாத்திரை கொடுத்து அனுப்பிடற அபாயம் இருக்கு.

படுத்தா மூச்சு முட்டுது, ரெண்டு தலையணை வெச்சாதான் தூக்கம் வருது, கால் வீங்குதுன்னா, பிள்ளை பெத்த அசதின்னு விட்டுடாதீங்க. பிரசவத்தை ஒட்டி வர்ற இதயத் தசை பலவீனம் அஞ்சு மாசம் வரைக்கும் தலைகாட்டும்.

அடுத்தது சர்க்கரை. கர்ப்ப கால நீரிழிவு இருந்தவங்க, பிரசவத்துக்கு அப்புறம் 4-லேருந்து 12 வாரத்துக்குள்ள வெறும் வயித்துல 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் கொடுக்கிற பரிசோதனையைச் செய்யணும். மூணு மாச சர்க்கரைச் சராசரி காட்டுற பரிசோதனை (HbA1c) இந்தச் சமயத்துல நம்பகமா இருக்காது, பிரசவத்துல ரத்தம் போனதால எண் குறைச்சலா காட்டும். 60 நாள்ங்கிறது ஒன்பது வாரம்கூட முழுசா இல்லை. அதாவது பழைய சட்டத்துல, பரிசோதனைக்கான காலம் முடியறதுக்கு முன்னாடியே பலருக்குக் காப்பீடு முடிஞ்சுடும். பரிசோதனை விட்டுப்போன பெண்கள்ல சிலர் அடுத்த கர்ப்பத்துக்கு சர்க்கரையோடவே வருவாங்க.

மனசு விஷயத்துக்கு வரேன். நான் சொன்ன அந்த 1,018 மரணங்கள்ல முதல் காரணமே மனநலம் சார்ந்தது. தற்கொலையும் போதை மருந்து அளவு மீறினதும் அதுல அடக்கம். எடின்பரோ அளவுகோல்னு பத்து கேள்வி இருக்கு, கடந்த ஏழு நாள் எப்படி இருந்தீங்கன்னு கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண். பத்தை எட்டினா மேற்கொண்டு பார்க்கச் சொல்வாங்க. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கிற எண்ணம் பத்தினது. அதுக்கு "இல்லவே இல்லை"ங்கிறதைத் தவிர வேற எந்தப் பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காம உடனே கவனிக்கணும். மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். குணமான பிறகும் மாசக்கணக்குல தொடரச் சொல்வாங்க. ரெண்டு மாசக் காப்பீட்டுல இந்த வைத்தியத்தை ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது. தாய்மார்களுக்கான இலவச உதவி எண் 1-833-852-6262, 24 மணி நேரமும் எடுப்பாங்க, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

சரி, விட்டா என்ன ஆகும்? டெக்சாஸ்ல கர்ப்பிணிக்கு வருமான வரம்பு ஏழைக்கோட்டைப் போல சுமார் ரெண்டு மடங்கு. அதே பெண் வெறும் தாயா விண்ணப்பிச்சா, வரம்பு ஏழைக்கோட்டுல அஞ்சுல ஒரு பங்கைக்கூட எட்டாது. 2025-ல மூணு பேர் குடும்பத்துக்கு ஏழைக்கோடு 26,650 டாலர். மாப்பிள்ளை வருஷத்துக்கு 30,000 சம்பாதிச்சா, கர்ப்பமா இருந்தப்போ பொண்ணுக்குக் கிடைச்சது, இப்ப விட்டுட்டுத் திரும்பப் போனா கிடைக்காது.

நீங்களா விடலைன்னாலும் தானா அறுந்துபோற இடம் ஒண்ணு இருக்கு. பிரசவத் தேதி. உத்தேசத் தேதியையே வெச்சு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருக்கலாம், இல்லைன்னா பழைய 60 நாள் கணக்குலயே மூடியிருக்கலாம். பிள்ளைக்கு கார்டு வந்துட்டா எல்லாம் பதிவாயிடுச்சுன்னு நினைக்கிறாங்க. பிறந்த அன்னிக்குத் தாய்க்கு மெடிக்கெய்ட் இருந்தா பிள்ளைக்கு ஒரு வயசு வரைக்கும் தனி விண்ணப்பம் இல்லாமலே உண்டு, ஆனா அது பிள்ளையோட கணக்கு. 2-1-1-ங்கிற டெக்சாஸ் உதவி எண்ணுக்கு போன் பண்ணி, "தாயோட பதிவுல பிரசவத் தேதி என்ன, முடிவு தேதி என்ன"ன்னு ரெண்டையும் கேட்டு எழுதி வெச்சுக்கங்க. வீடு மாறினா அன்னிக்கே சொல்லுங்க. 2023-லேருந்து யாருக்கெல்லாம் மெடிக்கெய்ட் தகுதி இருக்குன்னு நாடு முழுக்க நடந்த பெரிய மறுபரிசீலனையில 2.5 கோடி பேருக்கு மேல காப்பீடு போச்சு. அதுல பத்துல ஏழு பேருக்குப் போனது தகுதி இல்லாததால இல்லை. கடிதம் சேரலை, படிவம் திரும்பலை, அவ்வளவுதான்.

தப்பா நிறுத்தற நோட்டீஸ் வந்தா, அதுல போட்டிருக்கிற நிறுத்தத் தேதிக்கு முன்னாடியே முறையீட்டு விசாரணை கேளுங்க. அப்படிக் கேட்டா முடிவு வர்ற வரைக்கும் காப்பீடு தொடரும். அந்தத் தேதி தாண்டினா விசாரணை கிடைக்கலாம், ஆனா நடுவுல காப்பீடு இல்லாமப் போயிடலாம். மே மாசம் உண்மையிலேயே முடியும்போது, சந்தைத் திட்டத்துல, அதாவது அரசாங்கத்தோட காப்பீட்டுச் சந்தையில தனியார் காப்பீடு வாங்கிச் சேர, 90 நாள் அவகாசம் உண்டு, மாப்பிள்ளை ஆபீஸ் காப்பீட்டுல சேர 60 நாள்தான். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

கடைசியா, விசாவுல இருக்கிறவங்க அடிக்கடி கேட்கிறது. சட்டப்படி தங்கியிருக்கிற கர்ப்பிணிகளுக்கு அஞ்சு வருஷக் காத்திருப்பு இல்லாம கொடுக்க மாநிலத்துக்கு 2009 சட்டம் இடம் கொடுக்குது, ஆனா எல்லா மாநிலமும் எடுத்துக்கலை. அவசர மெடிக்கெய்ட்ல, அதாவது குடியேற்ற நிலையால முழு மெடிக்கெய்ட் கிடைக்காதவங்களுக்கு அவசரச் சிகிச்சைக்கு மட்டும் கொடுக்கிறதுல, பிரசவம் மட்டும் பார்த்தவங்களுக்கு இந்த 12 மாசம் தானா வராது. அவங்க டிஸ்சார்ஜ் ஆகிறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர்கிட்ட, வருமானத்துக்கு ஏத்த மாதிரி கட்டணம் வாங்குற சமூக நல மையம் பக்கத்துல எங்க இருக்குன்னு கேட்டு, முதல் மூணு வாரத்துக்குள்ள ஒரு நேரம் வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.