சரக்கு போய்ச் சேரும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் இருந்தவர் மார்க்கெட்டிங் பாடம் எப்படி நடத்துவார் என்று காரைக்குடியில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சென்னை பரங்கிமலையில் பயிற்சி முடித்து, ஆர்மி சர்வீஸ் கோரில் சேர்ந்தேன். ரேஷனும் எரிபொருளும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரிவு அது. நான் லடாக்கில் இருந்தபோது பனிக்காலத்தில் சோஜிலா கணவாய் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். குளிர்காலத்துக்கு வேண்டியதையெல்லாம் கோடையிலேயே ஏற்றியாக வேண்டும். அந்த உயரத்தில் பசி மந்தமாகிவிடும். சத்துள்ள உணவாகப் பார்த்து அனுப்பினால் மட்டும் போதாது, ஜவானுக்கு அது வாய்க்குப் பிடிக்கவும் வேண்டும். அவன் எதை ஒதுக்கி வைக்கிறான் என்பது கிடங்குக் கணக்கில் வராது. மேலே ஏறிப்போய் அவனையே கேட்க வேண்டும்.

ராணுவத்தை விட்டு வந்து சிறுதொழில்களுக்கு ஆலோசகரானபோதும் இதே வழியைத்தான் பிடித்தேன். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு தளக்கல் பட்டறை. கண்ணாடிமேல் கலர் சிமெண்டை ஊற்றிக் கையாலேயே செய்கிற கல். வெளியூரிலிருந்து, கல் மங்கிப்போகிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. விலையைக் குறைக்கலாமா என்று கேட்டார் முதலாளி. கல் பதித்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். போய்ப் பார்த்தால், பதித்த பிறகு கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். சிமெண்டை ஆசிட் அரித்துவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு லோடோடும் ஒரு தமிழ்க் குறிப்புத் தாள் போனது: ஆசிட் கூடாது, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். விலையில் கைவைக்கவே இல்லை.

பர்மாவிலும் மலேயாவிலும் நம் நகரத்தார் பிள்ளைகள் வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்துதான் தொழில் கற்றார்கள். யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதைக் கடையில் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்தே பழகினார்கள். இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை.

1960இல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் மார்க்கெட்டிங்குக்கு வகுத்த பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கையும் என் மாணவர்கள் தலைகீழாக ஒப்பிப்பார்கள். “யாரிடம் கேட்டீர்கள்?” என்றால் வகுப்பே மௌனமாகிவிடும். அதனால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கும் கண்டாங்கிச் சேலை நெய்கிற வீடுகளுக்கும் அவர்களை அனுப்புகிறேன்.

கடைக்காரர்களே, ஆச்சிமார்களே, நோட்டுப் புத்தகத்தோடு அந்தப் பிள்ளைகள் வந்தால் உட்காரவைத்துப் பேசுங்கள். எந்தச் சரக்கு விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.